ஆகக் குறைந்த விலையை யார் கட்டுவது?

கேள்விப்பெட்டி மூடின கையோட அதைத் திறந்து, வந்திருக்கிற கம்பெனிக்காரர் முன்னால விலைகளைச் சத்தமாக வாசிப்பார்கள். அரச பெறுகை நடைமுறையில் எல்லாருடைய காதிலும் விழுகிற கட்டம் அநேகமாக அது ஒன்றுதான். அதற்குப் பிறகு கோப்பு மதிப்பீட்டுக் குழுவிடம் போகும். கதவு சாத்தப்படும். கொஞ்ச நாள் கழித்து ஒரு கம்பெனிக்குக் கடிதம் போகும். அடுத்த மாதம் கம்பஸ் வாசலில் நிற்கிற அண்ணாவின் சட்டையில் கம்பெனிப் பெயர் மாறியிருக்கும். ஆள் மாறியிருக்காது. கழிப்பறை கழுவுற அக்காவும் அதே அக்காதான்.

இந்தத் தெரிவைக் கேள்வி கேட்கிறவர் வழமையாக யாரென்றால், தோற்ற கம்பெனிக்காரர். மேன்முறையீடு எல்லாம் அவருக்காகத்தான் இருக்கிறது. அவர் கேட்கட்டும், அது அவருடைய வியாபாரம். எங்கட பிரச்சினை வேறு. அந்தச் சாத்தின கதவுக்குள்ள கணக்குப் பார்க்கிற முறையே பிழை எண்டு நாங்கள் சொல்லுறம்.

நடைமுறை பெரிய இரகசியம் ஒண்டும் இல்லை. பிணைமுறி இருக்கா, கையெழுத்து இருக்கா, பதிவுச் சான்றிதழ் இருக்கா எண்டு முதலில் பார்ப்பார்கள். நிபந்தனைக்குப் பொருந்தாததைத் தள்ளிவிடுவார்கள். மிச்சத்தில் கூட்டல் பிழைகளைத் திருத்தி, ஆகக் குறைந்த விலையில் நிற்கிறவரை எடுத்து, அவருக்கு இந்த வேலையைச் செய்கிற தகுதி இருக்கா எண்டு சரிபார்ப்பார்கள். கதிரை வாங்க, கடதாசி வாங்க இது நல்ல முறை. ஒரே தரத்துக் கதிரையை ஒருவர் குறைத்துத் தந்தால் பொதுமக்கள் காசு மிச்சம்.

ஆனால் காவலும் சுத்திகரிப்பும் கதிரை இல்லை. அந்த விலையின் பெரும்பங்கு ஆட்களின் சம்பளம். சம்பளத்துக்கோ சட்டத்தில் ஒரு அடித்தளம் இருக்கிறது. தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகி, 2026 ஜனவரியில் 30,000 ரூபாவானது. அதற்கு மேல் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், அதாவது 3,600 ரூபா கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 900 ரூபா. ஆக ஒரு ஆளுக்கு 34,500. இது பேரம் பேசுகிற தொகை இல்லை.

இனி ஒரு வாசலை எடுங்கோ. 24 மணித்தியாலமும் ஒரு ஆள் நிற்க வேண்டும். 30 நாளுக்கு 720 மணித்தியாலம். ஒரு ஆள் நாளுக்கு 8 மணித்தியாலப்படி 26 நாள் வேலை செய்தால் 208. அப்ப அந்த ஒரு வாசலுக்குக் கிட்டத்தட்ட மூன்றரை ஆள் தேவை. 34,500-ஆல் பெருக்கினால் மாதம் 119,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல வரும். சீருடை, டோர்ச், மேற்பார்வையாளர், கம்பெனியின் இலாபம், வரி எதையும் நாங்கள் இன்னும் சேர்க்கவில்லை.

இப்ப அதே வாசலுக்கு ஒரு கம்பெனி 75,000 எண்டு விலை போட்டால் என்ன அர்த்தம்? இரண்டு பேரை 12 மணித்தியாலப்படி மாதம் முழுக்க லீவில்லாமல் நிறுத்தி, மேலதிக நேரக் கொடுப்பனவும் குடுக்காமல் விட்டால் 69,000-இல் அலுவல் முடியும். அந்த விலைக்கு வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. சட்டத்தை மீறுவோம் எண்டு அந்த விலையே சொல்லுது. அதை எல்லாருக்கும் முன்னால வாசிச்சும் இருக்கினம். குழுவில் இருக்கிறவர்கள் படித்த ஆட்கள். கணக்காளர்கள்கூட இருப்பார்கள். எங்களுக்குப் பத்து நிமிடத்தில் வந்த கணக்கு அவர்களுக்கு வராமல் போக நியாயம் இல்லை.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் விலைப் பகுப்பாய்வைக் கேட்டு வாங்கலாம். "கேட்கலாம்" எண்டதுதான் சிக்கல். கேட்டால் தாமதம், தாமதித்தால் முறைப்பாடு, குறைந்த விலையைத் தள்ளினால் கணக்காய்வில் விசாரணை. ஆகவே குறைந்த விலைக்குக் கையெழுத்து வைப்பது அதிகாரிக்குப் பாதுகாப்பு. இதை நாங்கள் ஊழல் எண்டு சொல்ல வரவில்லை. ஊழலே இல்லாமல் நேர்மையாக நடந்தாலும் இதுதான் நடக்கும், அதுதான் இன்னும் மோசம்.

பணிக்கொடை விசயத்தைப் பாருங்கோ. ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் வேலை செய்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி கிடைக்க வேண்டும் எண்டு 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் சொல்லுது. ஒப்பந்தமோ ஒண்டு இரண்டு வருடத்துக்குத்தான். கம்பெனி மாறுற ஒவ்வொரு முறையும் அக்கா புது ஆள். பத்து வருடமாக ஒரே மாடிப்படியைக் கூட்டியும் அவருக்கு ஐந்து வருடம் ஆகவே இல்லை! எந்த மதிப்பீட்டு அட்டவணையிலாவது இதற்கு ஒரு நிரல் இருந்தால் எங்களுக்குக் காட்டுங்கோ.

"அரசாங்கத்திட்டக் காசு இல்லை, நீங்கள் என்ன கதைக்கிறியள்" எண்டு கேட்பார்கள். நியாயமான கேள்விதான். காசு இல்லை எண்டால் மூன்று வாசலில் ஒன்றைப் பூட்டலாம், இரவில் ஆளைக் குறைக்கலாம். அது நிறுவனம் எடுக்கிற வெளிப்படையான முடிவு. மூன்று வாசலும் வேணும், ஆனால் அரைவாசிச் செலவை அண்ணாவின் நித்திரையிலிருந்து எடுப்போம் எண்டது சிக்கனம் இல்லை. ஆஸ்பத்திரிகளில் இது வேறு மாதிரியும் வெளிக்கும். விலை இறுகினால் முதலில் குறைவது கையுறையும் கிருமிநீக்கியும். அதே வார்டில்தான் எங்கட அம்மாமார் படுத்திருக்கினம்.

நாங்கள் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. 19ஆம் திருத்தத்தில் வந்து, 20இல் காணாமல் போய், 21இல் திரும்பி வந்த தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. அதைக் கிழித்து எறியத் தேவையில்லை. ஆட்களை வழங்குகிற ஒப்பந்தங்களில் விலையை ஒற்றைத் தொகையாக வாங்காமல், சம்பளம் எவ்வளவு, சேமலாப நிதி எவ்வளவு, மிச்சம் எவ்வளவு எண்டு பிரித்து எழுதச் சொல்லட்டும். சட்ட அடித்தளத்துக்குக் கீழே நிற்கிற விலையை, பிணைமுறி இல்லாத கேள்வியைத் தள்ளுற மாதிரியே முதல் கட்டத்தில் தள்ளட்டும். ஒப்பிடுவதெல்லாம் அதற்குப் பிறகு. சேமலாப நிதி கட்டின பற்றுச்சீட்டைக் காட்டாமல் மாதப் பில்லுக்குக் காசு விடவேண்டாம்.

அதுவரைக்கும் எங்கட கையில் இருப்பது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கட கம்பஸ், பிரதேச சபை, ஆஸ்பத்திரி எதுவென்றாலும் தகவல் அலுவலருக்கு எழுதலாம். காவல், சுத்திகரிப்பு ஒப்பந்தத்தில் ஒரு ஆளுக்கு மாதம் எவ்வளவு கட்டுறீர்கள்? மதிப்பீட்டுக் குழு விலைப் பகுப்பாய்வு கேட்டதா? கடைசி ஆறு மாதத்துக்கான சேமலாப நிதிப் பற்றுச்சீட்டுகள் எங்கே? தருவதா இல்லையா எண்டு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வர்த்தக இரகசியம் எண்டு மறுக்கப் பார்ப்பார்கள். பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் தகவலைத் தரவேண்டும் எண்டும் அதே 5ஆம் பிரிவில்தான் இருக்கிறது, மேன்முறையீட்டில் அதை எழுதுங்கோ. விண்ணப்பத்தில் அண்ணா, அக்காமாரின் பெயரை மட்டும் போட்டுவிட வேண்டாம். அவைக்கு அடுத்த நாளும் அங்க வேலை இருக்கு.