வடிகாலும் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வாய்க்காலைப் பற்றிப் பேசாதவர் நம்மில் இல்லை. மேட்டூர் அணை நீரைப் பூத்தூவி வரவேற்கிறோம். கடைமடைக்கு நீர் வரவில்லையெனில் சாலையில் அமர்கிறோம். ஆனால், வந்த நீர் வயலை விட்டு வெளியேற வழி இருக்கிறதா என்று கேட்பவர் எத்தனை பேர்? உவர் பட்ட நிலத்தை மீட்க விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் கருத்து.

நான் நாகை மாவட்டத்துக் கடைமடைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எங்களுக்கு ஆறு மா நிலம். அதில் இரண்டு மா கோடைதோறும் வெள்ளை பூக்கும். சம்பா நாற்றை நட்டால் நுனி கருகும். அப்பா மூட்டை மூட்டையாக ஜிப்சம் வாங்கிப் போட்டுப் பார்த்தார். பயனில்லை. "மண்ணு செத்துப் போச்சு" என்றார். விற்றுவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

மண் சாகவில்லை என்பதை எனக்கு உணர்த்தியது வேதியியல் வகுப்புதான். உவர் மண்ணில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். நல்ல நீரால் கழுவினால் அவை போய்விடும். களர் மண்ணில் சோடியம் களித்துகள்களைப் பற்றிக்கொண்டிருக்கும். மண் இறுகி, நீர் கீழே இறங்காது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை விலக்கிவிட்டுத் தான் அமர்கிறது. விலகிய சோடியம், சோடியம் சல்பேட்டாக நீரில் கரைகிறது. சரி, அந்த நீர் எங்கே போகும்? போக வழியில்லையெனில் வெயிலில் ஆவியாகும். உப்பு அதே மண்ணில் தங்கும். எங்கள் வயலில் நடந்தது இதுதான்.

நல்ல பாசன நீரிலும் உப்பு உண்டு. லிட்டருக்கு அரை கிராம் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பாயும் நீர் ஏறத்தாழ 40 லட்சம் லிட்டர். அது கொண்டுவரும் உப்பு 2,000 கிலோ! வடிகால் இல்லையெனில் நிலத்தடி நீரும் உயரும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உப்புநீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமன்று. கடலே இல்லாத அரியானாவிலும் கால்வாய்ப் பாசனம் பெற்ற நிலங்கள் நீர் தேங்கி உவராயின. அம்மாநிலத்தின் கர்னாலில், மண்ணின் உவர் தன்மையை ஆராயும் மத்திய நிறுவனம் 1969இல் அமைக்கப்பட்டது. அங்கே துளையிட்ட குழாய்களை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழத்தில் புதைத்து, உப்புநீரை வடித்து, நிலத்தை மீட்டிருக்கிறார்கள். தானாக ஓட வழியில்லாத இடங்களில், நீரைக் கிணற்றில் சேர்த்து இறைத்து வெளியேற்றுகிறார்கள். பலருடைய வயல்களின் அடியில் ஓடும் குழாயை ஒருவர் தனியாகப் பராமரிக்க முடியுமா? அதனால் உழவர்கள் குழுவாகச் சேர்ந்தார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கும் இந்தப் பாடம் புதிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எங்கள் கரையோர வயல்களைக் கடல்நீரில் ஆழ்த்தியது. ஜிப்சமும் தக்கைப்பூண்டும் துணை நிற்க, அடுத்து வந்த மழை உப்பைக் கழுவியது. பல வயல்கள் மீண்டும் விளைந்தன.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "ஏன்டா தம்பி, இருக்குற தண்ணியே பத்தல, அதையும் வடிச்சு விடச் சொல்றியே!" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் வடிக்கச் சொல்வது ஐப்பசி, கார்த்திகையில் பயிரை அழுகவைக்கும் மழைநீரை. குடிநீரைக் கொட்டச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு சாக்கடை கேட்கிறேன்.

நண்பர்களே, இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் வயலோர வடிவாய்க்கால் ஒரு காலத்தில் எவராலும் தாண்ட முடியாத அகலம் என்பார்கள் பெரியவர்கள். இன்று சிறுவர்கள் தாண்டுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு சாண் என்று இருகரையிலும் வெட்டி வயலோடு சேர்த்துக்கொண்டோம். அதில் என் அப்பாவின் மண்வெட்டியும் உண்டு. மீதியை வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டன. சாண் நிலத்துக்கு ஆசைப்பட்டு இரண்டு மா நிலத்தைப் பறிகொடுத்தோம்!

பெரிய வடிகால்களை அரசு தூர்வாரட்டும். அது அரசின் கடமை. ஆனால் வயலுக்கும் வடிகாலுக்கும் இடையே நாம் விழுங்கிய வாய்க்காலை நாமேதான் திருப்பித் தர வேண்டும். "பக்கத்து வயக்காரன் விட்டா நானும் விடுறேன்" என்கிறார் அப்பா. பக்கத்து வயல்காரரும் அதையேதான் சொல்கிறார்! இப்படியே போனால் யார்தான் தொடங்குவது?

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கோயிலுக்கு வெள்ளையடிக்கிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்ல பணிகளே. இந்த முறை ஒரு கிராமத்தின் வடிவாய்க்காலை வெட்டித் திறப்போம் என்று பேராசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். எங்கள் ஊரையே தேர்ந்தெடுத்தால், முதலில் வெட்டப்படுவது எங்கள் வரப்பாக இருக்கட்டும். அதற்குள் அப்பாவின் சம்மதத்தைப் பெறுவது என் பொறுப்பு.