இரு நகரங்களும் நடுவில் ஓர் ஊரும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குத் தொடர்வண்டி சிறந்ததா, பேருந்து சிறந்ததா என்னும் ஒப்பீடு வழக்கமாக நேரம், கட்டணம் என்ற இரு அளவுகோல்களோடு முடிந்துவிடுகிறது. கட்டணத்தில் தொடர்வண்டியே வெல்லும். ஆயினும் 1932இல் திறக்கப்பட்ட அந்த இருப்புப்பாதை மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு எனத் தெற்கே வளைந்து செல்கிறது. எல்லையிலுள்ள கோபாலபுரத்தையோ, அதனை அடுத்த கொழிஞ்சாம்பாறையையோ தொடுவதில்லை. அவ்வூரார்க்கு இவ்வொப்பீடே பொருளற்றது.

அகலப்பாதைப் பணிக்காக 2008 டிசம்பரில் நின்ற தொடர்வண்டி 2015 நவம்பரில்தான் மீண்டது. அந்த ஏழாண்டுகளும் மக்களைச் சுமந்தது பேருந்தே. பாதை அகலமான பின்னரும் மீட்டர் பாதைக் காலத்து வண்டிகள் பல திரும்பவில்லை. இப்போது ஓடுபவை பெரும்பாலும் தொலைதூரப் பயணியின் வசதிக்கானவை. சித்தூர் அரசுக் கல்லூரிக்குத் தமிழ் படிக்கச் செல்லும் மாணவியின் வசதிக்கானவை அல்ல.

வியன்னாவும் பிராத்திஸ்லாவாவும் இதைவிடச் சற்றே கூடுதலான தொலைவில், இரு வேறு நாடுகளில் உள்ளவை. அங்கே தொடர்வண்டி நாள் முழுதும் ஓடுகிறது. பேருந்தும் உண்டு, கோடையில் தன்யூப் ஆற்றில் படகும் உண்டு. இங்கோ ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கிடையே ஒரு பேருந்தைக் கூட்டவும் இரு அரசுகளின் உடன்படிக்கை வேண்டும். நகரப் பேருந்து எல்லையோடு திரும்பிவிட்டால், இறங்கியவர் சோதனைச் சாவடியைக் கடந்து அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பு எந்தப் பயண நேர அட்டவணையிலும் கணக்கில் வருவதில்லை.