ஒரே நகரம், இரண்டு கேமராக்கள்



கிறிஸ்துமஸ் உதவிகள் வழங்கும் ஆராதனையில் இவ்வாண்டு புகைப்படம் எடுக்க வேண்டாம் என்று நான் கூறியதைக் குறித்து உங்களில் சிலருக்கு மனவருத்தம் உண்டென்று அறிவேன். காணிக்கை கொடுத்தவர்களுக்கு எதைக் காட்டுவது என்ற கேள்வி நியாயமானதே. கமிட்டிக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாத காரணத்தை இங்கே எழுதுகிறேன். அதற்கு உங்களைச் சற்று தூரம், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரத்துக்கு அழைத்துச்செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே எடுக்கப்பட்ட பழைய புகைப்படங்களே என் மனதை மாற்றின.

1850-ஆம் ஆண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த லூயி அகாசி, சுவிட்சர்லாந்தில் ஒரு போதகரின் வீட்டில் பிறந்தவர். மனித இனங்கள் ஒரே ஆதாமிடத்திலிருந்து வந்தவையல்ல, தனித்தனியே உண்டாக்கப்பட்டவை என்று நிரூபிக்க விரும்பினார். அதற்குச் சான்றாக, கொலம்பியாவைச் சுற்றியிருந்த தோட்டங்களில் அடிமைகளாயிருந்த ஐந்து ஆண்களும் இரண்டு பெண்களும் ஜோசப் ஸீலி என்பவரின் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆடை களையப்பட்டு, முன்பக்கமும் பக்கவாட்டுமாக, வெள்ளி பூசிய செப்புத் தகடுகளில் அவர்கள் பதிவு செய்யப்பட்டார்கள். ரென்ட்டி என்ற முதியவர், அவருடைய மகள் டீலியா. ஜாக், அவருடைய மகள் டிரானா. தகப்பனும் மகளும் என்பதை மறுபடியும் வாசியுங்கள். தகடுகளோடு இணைத்த சீட்டுகளில் அவர்களுடைய பெயர் இருந்தது. அவர்கள் யாருக்குச் சொந்தம் என்பதும் இருந்தது.

அந்நாட்களில் தென்மாநிலங்களின் பிரசங்க பீடங்களிலிருந்து அடிக்கடி எடுத்தாளப்பட்ட வேதப்பகுதி ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரம். காமின் சந்ததி சபிக்கப்பட்டது, ஆகவே கறுப்பின மக்கள் அடிமைகளாயிருப்பது தேவசித்தம் என்று பிரசங்கித்தார்கள். அங்கே சபிக்கப்பட்டவன் காம் அல்ல, கானான் என்பதை இறையியல் கல்லூரியில் முதலாண்டு மாணவனும் அறிவான். ஆயினும் என்னை நிறுத்தியது அதுவல்ல. அந்தப் பகுதியில் நடந்த குற்றம்தான் என்ன? ஆடை விலகிக் கிடந்த மனிதனைப் பார்த்து, வெளியே போய் மற்றவர்களுக்கு அறிவித்தது. சேமும் யாப்பேத்தும் செய்ததோ வேறு. வஸ்திரத்தைத் தோளின்மேல் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்னிட்டு நடந்துவந்து தகப்பனை மூடினார்கள். காமின் சாபத்தைப் பிரசங்கித்த அதே சமுதாயம், காம் செய்ததையே ஒரு ஸ்டுடியோவில் ஒளியமைத்துச் செய்தது. வேதத்தை நன்றாக அறிந்தவர்கள் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது.

இனி அதே நகரத்தில் எழுபது ஆண்டுகள் கடந்து வாருங்கள். 1920-இல் ரிச்சர்ட் சாமுவேல் ராபர்ட்ஸ் என்ற கறுப்பின மனிதர் குடும்பத்தோடு கொலம்பியாவில் குடியேறினார். அதிகாலையில் எழுந்து தபால் நிலையத்தில் துப்புரவு வேலை. அது முடிந்தபின் தம்முடைய சிறு ஸ்டுடியோவில் வேலை. புகைப்படக்கலையை அவருக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை, தாமே கற்றுக்கொண்டார். பேருந்திலும் பள்ளியிலும் இனவாரியாகக் கோடு கிழிக்கப்பட்டிருந்த காலம் அது. விளம்பரங்களிலும் கேலிச்சித்திரங்களிலும் கறுப்பு முகம் நகைப்புக்காகவே வரையப்பட்டது. அந்த ஊரில் கறுப்பினத்தார் ஞாயிற்றுக்கிழமைக்குரிய ஆடைகளை உடுத்திக்கொண்டு ராபர்ட்ஸிடம் வந்தார்கள். மணமக்கள், ஆசிரியைகள், போதகர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள். மரித்தவர்களையும் அவர் படமெடுத்தார். இந்த வழக்கம் நம் ஊர்களிலும் இருந்ததே.

அந்தப் படங்களில் நான் அதிகநேரம் நின்றது உடைகளிடத்தில். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டைக்கழுத்து, பளபளக்கும் காலணி, பிள்ளையின் தலையில் ரிப்பன். இதில் ஆடம்பரம் ஒன்றுமில்லை. ஸீலியின் ஸ்டுடியோவில் உரிக்கப்பட்டதை இங்கே ஒரு தலைமுறை தன் கையால் தைத்து, துவைத்து, உடுத்திக்கொண்டு வந்து நிற்கிறது. கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. இன்னொன்றும் கவனித்தேன். இப்படங்களில் உள்ளவர்கள் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. நம் இரக்கத்தைக்கூடக் கேட்கவில்லை. நல்ல நாள் ஒன்றில் தங்கள் முகம் எப்படியிருந்ததென்று பேரப்பிள்ளைகள் அறியவேண்டும் என்பதே அவர்களுடைய எண்ணமாயிருந்திருக்கும்.

1936-இல் ராபர்ட்ஸ் மரித்தார். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் ஏறத்தாழ 3,000, வீட்டின் தரைக்குக் கீழே நாற்பது ஆண்டுகள் கிடந்து 1977-இல் கண்டெடுக்கப்பட்டன. அதற்கு முந்தின ஆண்டுதான், 1976-இல், ஸீலியின் தகடுகள் ஹார்வர்டின் பீபடி அருங்காட்சியகத்து மேல்மாடத்தில் கண்டெடுக்கப்பட்டன. ஒரே நகரத்தின் இரண்டு சாட்சிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளியே வந்தன. ரென்ட்டியின் வழித்தோன்றல் என்று சொல்லும் டமாரா லனியர் 2019-இல் வழக்குத் தொடுத்தார். 2025-இல் அத்தகடுகளைத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு ஒப்படைக்க ஹார்வர்டு உடன்பட்டது. ராபர்ட்ஸின் படங்களோ 1986-இல் நூலாக வந்தன. அந்நூலின் பெயரைத் தமிழில் ‘மெய்யான சாயல்’ என்று சொல்லலாம். சாயல் என்ற சொல்லை ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் வாசித்த நமக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

போதகர்களாகிய எங்களை வெட்கப்படுத்தும் ஒருவரையும் குறிப்பிட வேண்டும். டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரத்தில் எல். ஓ. டெய்லர் என்ற பாப்டிஸ்ட் போதகர் இருந்தார். 1930-களிலும் 1940-களிலும் அவர் பிரசங்கம் செய்ததோடு, கேமராவையும் திரைப்படக் கருவியையும் எடுத்துக்கொண்டு தம் மக்களிடையே நடந்தார். ஆற்றில் நடந்த ஞானஸ்நானம், கடை வைத்திருந்தவர்கள், பள்ளிப்பிள்ளைகள் ஆகியோரைப் பதிவு செய்தார். மக்களின் அன்றாட வாழ்வைக் கவனிப்பதும் மேய்ப்பனின் வேலை என்று அவர் எண்ணினார்போலும். இத்தனை ஆண்டுகால ஊழியத்தில் உங்களில் எத்தனை பேருடைய அடுக்களையை நான் பார்த்திருக்கிறேன்?

“அப்படியானால் துன்பத்தைக் காட்டவே கூடாதா, ஐயா?” என்று ஒரு மூப்பர் கேட்டார். நல்ல கேள்வி. 1955-இல் மிசிசிப்பியில் கொலைசெய்யப்பட்ட பதினான்கு வயது எம்மட் டில்லின் தாயார், சிகாகோவில் மகனுடைய சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். சிதைந்த முகத்தின் படம் பத்திரிகையில் வெளிவர அனுமதித்தார். அந்தப் படம் ஒரு தேசத்தின் மனச்சாட்சியை அசைத்தது. ஆகவே காயத்தைக் காட்டுவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் திறந்து காட்டுவதா மூடுவதா என்று அங்கே தீர்மானித்தவர் தாயார். டீலியாவையும் டிரானாவையும் யாரும் கேட்கவில்லை.

நாமும் கேட்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நமது ஆண்டறிக்கையின் அட்டையில் வந்த படத்தை நினைவிருக்கிறதா? ஒரு சகோதரிக்குத் தையல் இயந்திரம் கொடுக்கிறேன். நான் கேமராவைப் பார்த்துப் புன்னகைக்கிறேன். அவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். “நிமிர்ந்து பாருங்கள் அம்மா” என்று இரண்டுமுறை சொன்னவன் நானே. அந்த அறிக்கையை அவர்களுடைய மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி பள்ளிக்குக் கொண்டுபோனாள் என்பதும், அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்குப் போக மறுத்தாள் என்பதும் வெகுகாலம் கழித்தே என் காதுக்கு எட்டியது. ஸீலியின் தகடுகளுக்கு இது சமம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது ரென்ட்டியின் துயரத்தைச் சிறிதாக்குவதாகும். ஆயினும் ஒருவருடைய குறைவை அவரைக் கேளாமலே வெளியே போய் அறிவிக்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அதற்கு ‘சாட்சி’ என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட ரசீதும் கையொப்பமும் போதும். பொருளாளர் அவற்றை ஒழுங்காகவே வைத்திருக்கிறார். எவரும் வந்து பார்க்கலாம்.

படமே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. டிசம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறு ஆராதனைக்குப்பின் நமது பள்ளிக்கூட அறையில் ஒரு திரை கட்டப்படும். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளில் இருவர் நன்றாகப் படமெடுப்பார்கள். உதவி பெறுகிறவர், கொடுக்கிறவர் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்குப் பிடித்த உடையில், தங்களுக்குப் பிடித்தபடி நிற்கலாம். பிரதி அவர்களுக்கே சொந்தம். அவர்கள் சம்மதித்தால் மட்டும் ஒன்று சபையில் இருக்கும், அதன் பின்புறத்தில் அவர்களே சொல்லும் பெயர்களோடு. செலவை நானும் கமிட்டியாரும் ஏற்றுக்கொள்கிறோம்.

முதல் குடும்பமாக வரும்படி அந்தத் தையல் இயந்திரச் சகோதரியையே போய்க் கேட்டேன். பழைய படத்துக்காக மன்னிப்பும் கேட்டேன். தேநீர் கொடுத்தார்கள். மகளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்கள்.