தண்ணீரில் செத்த வண்டியை எங்கள் ஊருக்கு அனுப்பியவர்களே

"சூளையில நிக்கிறவனுக்கு டர்போ வண்டி எதுக்குடா?"

எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கடன் கொடுத்த இடத்தில் கேட்டார்கள். புகார் எழுதிக்கொடுக்கப் போன இடத்திலும் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார். விற்றவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அவன் கடைத்தெருவில் நிமிர்ந்து நடக்கிறான். பஞ்சாயத்து எனக்கு. ஆசைப்படுவதற்கும் சம்பளச் சீட்டைக் காட்ட வேண்டுமா? எங்களுக்கு என்ன பிடிக்கலாம், என்ன பிடிக்கக் கூடாது என்று யார் எழுதி வைத்தது?

நான் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் சூளை பார்க்கிறவன். என் அப்பாவும் அதே வேலைதான் பார்த்தார். நெய்வேலிப் பக்கத்து மண்ணைக் குழைத்து, அச்சில் அழுத்தி, காயவைத்து, 1,200 டிகிரிக்கு மேல் வேகவைத்து எடுக்கிற வேலை. நெருப்பைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு எஞ்சின் பிடிக்காமல் இருக்குமா? புகையாக வெளியே போகிற வாயுவைப் பிடித்து, அதை வைத்தே ஒரு சக்கரத்தை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றவிட்டு, அந்தச் சுற்றில் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறார்கள். அதுதான் டர்போ. முதல்முதலில் ஒரு மெக்கானிக் இதை எனக்கு விளக்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வீணாகப் போகிற சூட்டில் இவ்வளவு வேலை நடக்கிறதா என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

2013-ல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வந்தது. 1.2 லிட்டர்தான், 105 குதிரைத் திறன். 2015-ல் 145 குதிரைத் திறனோடு அபார்த் புன்டோ. அதன் பிறகு பலேனோ ஆர்.எஸ்., டியாகோ ஜே.டி.பி. சின்ன வண்டிக்குள் பெரிய மூச்சு. ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாக நின்றும் போயின. ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே விட்டுவிட்டது. போலோ 2022-ல் முடிந்தது. புதிதாக இன்றும் ஒன்றிரண்டு கிடைக்கின்றன. அந்த விலை என்னால் முடியாது. இந்த ரகத்து வண்டியை நான் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் பழசுதான் வாங்க வேண்டும். அதனால்தான் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

சும்மா கிடந்த பணம் இல்லை அது. நான் வளைகுடாவில் வெயிலில் நின்று சேர்த்தது கொஞ்சம். என் மனைவியின் நகை கொஞ்சம். மீதிக்கு ஃபைனான்ஸ். முன்பணம் போதவில்லை என்றபோது அப்பா தன் பேரில் இருந்த அரைக் காணி முந்திரியை விற்றுக் கொடுத்தார். "ஒனக்கு ரொம்ப நாள் ஆசைடா, வாங்கிக்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கும் அவர் அந்தக் கொல்லைப் பக்கம் போவதில்லை, சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகிறார். இதை வண்டி விற்ற கடையின் எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவார்கள்?

வண்டியைக் காட்டியவன் எங்கள் ஊர்க்காரன். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன், வாய்க்கு வாய் பங்காளி என்று கூப்பிடுகிறவன். "பங்காளி, ஒரே ஓனர், டாக்டர் வண்டி, தங்கமா வச்சிருந்தாரு" என்றான். 2024 ஆனி மாதம் சென்னையில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பழைய கார் கடைக்குக் கூட்டிப் போனான். வண்டி பளபளவென்று நின்றது. மீட்டரில் 38,000 கிலோமீட்டர். உள்ளே ஏறினால் ஏதோ பூ வாசனை அடித்தது. அந்த வாசனை எதை மறைக்க என்று எனக்கு அன்று யார் சொல்வார்கள்? ஃபாரம் 29, ஃபாரம் 30 என்று நீட்டிய தாள்களுக்கு நடுவே, இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன், பிறகு கேள்வி கேட்க மாட்டேன் என்று அச்சடித்த ஒரு தாளையும் செருகி வைத்திருந்தார்கள். பங்காளிதான் பேனாவை எடுத்துக் கொடுத்தான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவு திரும்பிக்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டைக்கு முன்னால், நாலுவழிச் சாலையில், மீட்டரில் இருந்த விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. பிறகு எல்லாம் அணைந்தன. எஞ்சின் நின்றது. ஸ்டியரிங் இறுகிவிட்டது. பிரேக் கட்டையைப் போல் நின்றது. பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஒரு பக்கமாக ஒடித்துப் போனதால் இன்றைக்கு நான் இதை எழுதுகிறேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எங்கே இருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

அவர் ஒடிக்காமல் இருந்திருந்தால்? மறுநாள் என்ன செய்தி வந்திருக்கும்? டர்போ கார், அதிவேகம், கட்டுப்பாட்டை இழந்து விபத்து என்று நாலு வரி. படித்தவர்கள் உச்சுக்கொட்டி, எதுக்கு இந்த வேகம் என்று என்னைத் திட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். என் மனைவியும் மகளும் என்னால் செத்தார்கள் என்றுதான் ஊர் பேசியிருக்கும். வண்டி ஏற்கெனவே செத்தது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? இதுவரை இப்படி எத்தனை பேர் மேல் வேகம் என்று பழி எழுதி மூடியிருக்கிறோம்?

வண்டியைக் கட்டி இழுத்து வந்து பிரித்தோம். தரை விரிப்பைத் தூக்கியதும் மெக்கானிக் பேசவில்லை. கையால் காட்டினார். வண்டல். சீட்டுக்கு அடியில், அது நகர்கிற கம்பி முழுக்கத் துரு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தபோது அடிப்பகுதியில் சேற்றுக் கோடு. ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது. ஸ்கேனர் போட்டால் மீட்டர் ஒரு கணக்குச் சொல்கிறது, கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சொல்கிறது. ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் அரிப்பு. மோதியிருந்தால் ஏர்பேக் விரிந்திருக்குமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

டிக்கியின் மூலையில் மடிந்து கிடந்த ஒரு பழைய சர்வீஸ் பில்லில் முந்தைய ஓனரின் போன் நம்பர் இருந்தது. போட்டேன். எடுத்தவர் நல்ல மனிதர். நான் வண்டி நம்பரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சார், அந்த வண்டி இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் டேஷ்போர்டு வரைக்கும் இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வண்டியாம். இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் என்று எழுதிப் பணம் கொடுத்துவிட்டார்களாம். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார். அவர் டாக்டரும் இல்லை.

பழுது பார்க்கிற செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். படித்தவர்கள் சேர்ந்து வைத்த கணக்கு. சரி. அப்படி எழுதின வண்டி ஏலத்துக்கு ஏன் போகிறது? போனாலும் ஆர்.சி. ஏன் உயிரோடு இருக்கிறது? இனி ஓட லாயக்கில்லை என்று ஆகிவிட்ட வண்டியை 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறதே, அது யாருக்காக எழுதியது? பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறதே, எத்தனை கடைச் சுவரில் அது தொங்குகிறது? போனில் வண்டி நம்பரைத் தட்டினேன். கடன் இருக்கிறதா என்று காட்டியது. இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டியது. மூழ்கிச் செத்ததை மட்டும் காட்டவில்லை. காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரியும், ஏலம் எடுத்தவனுக்குத் தெரியும், கழுவித் துடைத்தவனுக்குத் தெரியும், மீட்டரைத் திருப்பியவனுக்குத் தெரியும், பங்காளிக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் பணம் கொடுத்தவன்.

எங்கள் பட்டறையில் சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பியூஸ் கட்டையையும் தட்டிப் பார்ப்போம். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். மேலே மினுமினுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை உடைத்துக் குப்பையில் போடுவோம், ஏனென்றால் முகம் தெரியாத எவனோ ஒருவன் அதை நம்பி மின்கம்பத்தில் கை வைப்பான். அதில் எங்களுக்குக் கிடைப்பது சில ரூபாய். சில ரூபாய்ப் பொருளுக்கு நாங்கள் காட்டுகிற பயம், லட்சக்கணக்கில் வாங்கின உங்களுக்கு ஏன் வரவில்லை? சிறிய ஊர்க்காரன் பிரித்துப் பார்க்க மாட்டான் என்றா? செத்தாலும் கேட்க ஆள் இல்லை என்றா?

கடைக்குப் போன் போட்டால் கையெழுத்துப் போட்ட தாளைப் படித்துக் காட்டுகிறார்கள். பங்காளி என் நம்பரைத் தடுத்துவிட்டான். வண்டி ஓடவில்லை, தவணை ஓடுகிறது. கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். வாய்தா நாளில் சூளை வேலை போகிறது, அன்றைய கூலி போகிறது.

இப்போது தொழிற்பேட்டைப் பையன்கள் என்னிடம் வருகிறார்கள். "அண்ணே, பழைய டர்போ ஒண்ணு வருது, வாங்கலாமா?" அவர்கள் கண்ணில் அதே பளபளப்பு. வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயில் மாற்றின பில் ஒவ்வொன்றையும் கேள் என்கிறேன். டர்போவின் உயிரே அந்த ஆயில்தான், அதை மாற்றாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் டர்போவின் பேரிங் தேயும். காலையில் எஞ்சின் ஆறிக்கிடக்கும்போது நீயே ஸ்டார்ட் செய், நீலப்புகை வந்தால் திரும்பி வந்துவிடு. சக்தி கூடட்டும் என்று எஞ்சின் கம்ப்யூட்டரை ஏற்கெனவே மாற்றி ஓட்டியிருக்கிறார்களா என்று விசாரி. எல்லா கம்ப்யூட்டரிலும் கிலோமீட்டரைப் படிக்கச் சொல். விரிப்பைத் தூக்கு, பெல்ட்டை இழு, ஸ்டெப்னி குழியில் கையை விடு. சொல்லிக்கொண்டே இருக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற பிள்ளை திருட்டைக் கண்டுபிடிக்கிற போலீஸாகவும் இருக்க வேண்டுமா? தெரிந்தே விற்கிறவனுக்கு ஒரு வரி எழுதி ஒட்டுகிற கடமைகூட இல்லையா?

விற்றவர்களே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த ஏலத்தில் என் வண்டி ஒன்றையா எடுத்தீர்கள்? மற்றவை எங்கே? பண்ருட்டியிலா, திட்டக்குடியிலா, சேத்தியாத்தோப்பிலா, யார் வீட்டு வாசலில் நிற்கின்றன? வாங்கினவர்கள் நம்பர் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. இந்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள் என்று சொல்லுங்கள். என் பணத்தைக் கடலூரில் பேசிக்கொள்ளலாம். முதலில் அந்தப் போனைப் போடுங்கள்.