திறந்த மூலமும் ஏற்றுமதிச் சட்டமும்: ஒரு மறுப்பு

மூலநிரல் எவரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் இருப்பதால், திறந்த மூல மறைகுறியாக்க மென்பொருளை, அதாவது சாவியில்லாதவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் நிரலை, எந்த நாட்டின் ஏற்றுமதிச் சட்டமும் தொடாது என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. சென்னை, காமராசர் துறைமுகங்களை நம்பி இராயபுரம் முதல் எண்ணூர் வரை விரிந்த ஏற்றுமதித் தொழில் வட்டாரத்தில் இக்கருத்து ஆபத்தானது.

இக்கருத்தை வரலாறே மறுக்கிறது. அமெரிக்க நிரலாளர் பில் சிம்மர்மன் 1991இல் பிஜிபி என்ற மறைகுறியாக்க நிரலை வெளியிட்டபோது அமெரிக்கச் சட்டம் வலுவான மறைகுறியாக்கத்தைப் போர்த்தளவாடப் பட்டியலில் வைத்திருந்தது. நிரல் நாட்டுக்கு வெளியே பரவியதால் அவர்மீது 1993இல் தொடங்கிய குற்ற விசாரணை 1996இல்தான் கைவிடப்பட்டது. லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் டெபியன் திட்டம் பல ஆண்டுகள் இத்தகைய மென்பொருள்களை அமெரிக்காவுக்கு வெளியே தனிச் சேமிப்பகத்தில் வைத்திருந்தது. 2000இல் அமெரிக்கா விதிகளைத் தளர்த்தியதால் கிடைத்த சுதந்திரத்தை, நிரல் இயல்பாகவே பெற்றிருந்த ஒன்றாகக் கொள்வது பிழை.

இந்தியாவில் அத்தகைய கட்டுப்பாடு இல்லை என்பதும் தவறு. 2017 டிசம்பரில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டு வாசெனார் உடன்பாட்டில் இந்தியா சேர்ந்தது. குடிசார் பயனும் இராணுவப் பயனும் உடைய பொருள்களைப் பட்டியலிடும் இந்திய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட்டின் எட்டாம் பிரிவு அவ்வுடன்பாட்டின் பட்டியலைப் பின்பற்றுகிறது. அதன் பொது அளவுகோலின்படி 56 பிட்டுக்கு மேற்பட்ட சமச்சீர்ச் சாவி, அதாவது பூட்டவும் திறக்கவும் பயன்படும் ஒரே சாவி, கட்டுப்பாட்டுக்கு உரியது. இன்றைய ஏஇஎஸ் மறைகுறியாக்க முறையின் மிகச்சிறிய சாவியே 128 பிட். மறுபரவலுக்குத் தடையின்றி வெளியிடப்பட்ட மென்பொருளுக்கு விலக்கு உண்டெனினும், அந்த விலக்கைத் தருவதும் சட்டமே.

விலக்கின் எல்லையில்தான் சிக்கல் அதிகம். திருவொற்றியூர் நிறுவனம் ஒன்று ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல மறைகுறியாக்க நிரலைத் திருத்தி, திருத்தத்தை வெளியிடாமல், தன் கட்டுப்பாட்டுக் கருவியில் பதித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது என்று கொண்டால், மூலநிரலுக்குரிய விலக்கு அந்தக் கருவிக்குத் தானாக வந்து சேர்வதில்லை. சில்லறையில் விற்கும் பொருள்களுக்கான விலக்கு போன்ற வேறு வழிகள் பொருந்துமா என்பதைத் தனியே ஆராயவேண்டும். திருத்திய நிரலை வெளிநாட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பினாலும் அது ஏற்றுமதியே.

அயல்நாட்டுச் சட்டம் இங்கே எட்டாது என்ற வாதமும் நிற்காது. 2019இல் அமெரிக்கத் தடைச் சட்டத்தால் ஈரான், சிரியா, கிரிமியா நிரலாளர்களின் கணக்குகளை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் கட்டுப்படுத்தியது. திறந்த மூலத்தின் பெருங்கிடங்கான அத்தளமே ஒரு நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டே இயங்குகிறது.

ஆகவே சுங்கத்துறையில் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில் பதியும் முன்பே, தம் கருவியின் மறைகுறியாக்கம் ஸ்கோமெட் பட்டியலில் அடங்குமா என்பதை ஏற்றுமதியாளர்கள் சரிபார்க்கவேண்டும். சிறு நிறுவனங்களுக்குப் புரியும் தமிழில் அதற்கான வழிகாட்டியை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வெளியிடவேண்டும்.