அப்பத்தா சீலையும் ஒரு தீக்குச்சியும்

போன பொங்கலுக்கு அண்ணன் பொண்ணு வந்திருந்தா. இங்கே சரவணம்பட்டியிலேயே ஐ.டி. கம்பெனியில வேலை. பெரிய கட்டம் போட்ட சீலை, பஃப் கை ஜாக்கெட், பின்னல்ல கனகாம்பரம். "எப்படி இருக்குதுங்க சித்தப்பா? எண்பதுகள் ரெட்ரோ. நெகமம் காட்டன்னு சொன்னாங்க. அப்பத்தா சீலை மாதிரியே இல்ல?"

பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. முந்தியைத் தொட்டேன், வழுக்குச்சு. ஓரத்துல தொங்கின ஒரு நூலைப் பிச்சுத் தீக்குச்சி வெச்சேன். பருத்தின்னா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். இது சுருண்டு உருகி, கருப்பா கடுகு மாதிரி கெட்டியாயிருச்சு. பாலியஸ்டர்.

என் சண்டை அந்தப் புள்ளைகூட இல்லீங்க. பழைய உடுப்பு திரும்பி வர்றதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா திரும்பி வந்தது என்ன? கட்டம் வந்துச்சு, கரை வந்துச்சு, ஜாக்கெட் கை வந்துச்சு. பருத்தியும் தறியும் வரலியே.

1888-ல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது. அந்த ஊருக்கு மான்செஸ்டர்னு பேர் வந்ததே பருத்தியாலதான். கோவை வேளாண் கல்லூரி 1968-ல் வெளியிட்ட எம்.சி.யூ.5 ரகத்தை எங்கப்பா இந்தக் கரிசல்ல போட்டிருக்கார். இன்னைக்கு அந்தக் காட்டைச் சுத்திக் கண்ணாடிக் கட்டடம். நானும் பருத்தியை விட்டுப் பல வருஷமாச்சு. எடுப்புக் கூலிக்கே கட்டுபடியாகல.

எண்பதுகளை ஆசையா நினைக்கிறவங்க இதையும் நினைக்கணும். 1985-லதான் கைத்தறிக்குன்னு சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்துச்சு. அந்த ரகங்களை விசைத்தறியில நெய்யக் கூடாது. சட்டம் இன்னும் இருக்குது. நெகமம் சீலைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைச்சுருச்சு. அப்படியிருந்தும் கட்டத்தை மட்டும் காப்பியடிச்சு, பாலியஸ்டர்ல அச்சடிச்சு, அதே பேர்ல விக்கிறாங்க. நெய்யறவர் நாள் கணக்கா தறிக்குழியில காலை விட்டு நெய்யறதை மிஷின் கொஞ்ச நேரத்துல அடிச்சுத் தள்ளுது. விலையில அவர் எப்படிப் போட்டி போடுவார்?

இதை நான் ஆவேசமாப் பேசிட்டிருந்தப்ப எங்கம்மா குறுக்கே புகுந்தாங்க. "நிறுத்துடா. பருத்திச் சீலைய மொதல்ல விட்டது நாங்கதான். தொவச்சு, கஞ்சி போட்டு, நீவிக் காய வெச்சு, அப்புறம் காட்டுக்கும் போகோணும். நைலெக்ஸ் வந்தப்ப கும்பிட்டு வாங்கினோம். நீ ஒரு நாளு கஞ்சி போட்டிருக்கியா?"

போட்டதில்லைங்க. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. பெண்களோட உழைப்பைக் கணக்குல எடுக்காம 'பாரம்பரியம்'னு கூவுற ஆம்பளைங்கள்ல நானும் ஒருத்தன்.

ஆனா இப்ப வீட்டுல வாஷிங் மெஷின் இருக்குது. கஞ்சி போட ஆம்பளைக்கும் ரெண்டு கை இருக்குது. அம்மாவுக்கு அன்னைக்கு வேற வழியில்லை. நமக்கு இருக்குது.

அதனால நகரத்துல இருக்கிறவங்ககிட்ட கேக்கறது இதுதான். பாலியஸ்டர் கட்டணும்னா தாராளமாக் கட்டுங்க, அதைப் பாலியஸ்டர்னே சொல்லி வாங்குங்க. 'அப்பத்தா சீலை' வேணும்னா கைத்தறி முத்திரை இருக்கான்னு பாருங்க, என்ன நூல்னு கடைக்காரர்கிட்ட பில்லுல எழுதி வாங்குங்க. வருஷத்துக்கு ஆறு எடுக்கற இடத்துல ரெண்டு எடுத்தாப் போதும்.

அண்ணன் பொண்ணு அடுத்த மாசம் நெகமத்துக்கே போகலாம்னு சொல்லியிருக்கா. கஞ்சி போடறது என் பொறுப்புன்னு அம்மா முன்னாடியே ஒத்துக்கிட்டேன்.