மருந்துக்கான வரிசையில் கடைசியில் நிற்பது யார்?

2024 யூனில் ஒரு நல்ல செய்தி வந்தது. தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் 16 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்ட 2,134 பெண்களுக்கு லெனகபவிர் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டார்கள். ஆய்வு முடிவைப் பார்த்தால், அவர்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை. கொஞ்சம் பிந்தி வந்த இரண்டாவது ஆய்வில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களும் திருநர்களும் இருந்தார்கள். அங்கே ஊசி போட்ட 2,000க்கும் மேற்பட்டோரில் இரண்டே பேருக்குத்தான் தொற்று வந்தது. தடுப்பூசி இல்லாத ஒரு நோய்க்கு, தடுப்பூசிக்குக் கிட்டவாக வந்த முதல் மருந்து இது.

சந்தோசப்படலாம். ஆனால் விலையையும் கேட்டுவிட்டுச் சந்தோசப்படுவம். 2025 யூனில் அமெரிக்கா இதைத் தடுப்பு மருந்தாக அங்கீகரித்தபோது ஒரு ஆளுக்கு ஒரு வருசத்துக்கான விலை 28,218 டொலர். இதே மருந்தை வருசத்துக்கு 40 டொலருக்குச் செய்து தரலாம் என்று இந்திய நிறுவனங்கள் சில மாதங்களிலேயே முன்வந்தன. 2027இலிருந்து 120 வறிய, நடுத்தர வருமான நாடுகளுக்கு அந்த விலையில் கிடைக்கும் என்கிறார்கள். பிரேசில், ஆர்ஜென்ரீனா, மெக்சிக்கோ, பெரு நான்கும் அந்த 120இல் இல்லை. இரண்டாவது ஆய்வு நடந்த நாடுகளில் இந்த நான்கும் அடக்கம். ஊசி வேலை செய்யுதா என்று பார்க்க அவையளின் உடம்பு வேணும், மலிவு விலை மட்டும் அவையளுக்கு இல்லை.

சுகாதாரத்தில் சமநீதி என்று நாங்கள் கதைப்பது இதைத்தான். கொள்கை ஆவணங்களில் அது மெத்தென்ற ஒரு சொல்லாகத்தான் வரும். நடைமுறையில் அது மிகச் சின்னக் கேள்விகள்: மருந்து எங்கே இருக்கிறது, அது என்ன விலை, அங்கே போக பஸ் இருக்கா, உள்ளே போனால் எங்கட மொழியில் கதைப்பார்களா, வெளியே வரும்போது பொலிஸ் நிற்குமா?

இந்தக் கதைக்கு ஒரு பழைய அத்தியாயம் இருக்கு. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் 1996இலேயே வந்துவிட்டன. பணக்கார நாடுகளில் சாவு சட்டென்று குறைந்தது. ஆபிரிக்காவில் குறையவில்லை. ஏனென்றால் அந்த மருந்துக்கு வருசத்துக்கு 10,000 டொலருக்கு மேல் வேணும். மலிவு மருந்து வாங்க வழிசெய்யும் ஒரு சட்டத்தைத் தென்னாபிரிக்கா கொண்டுவந்தபோது 39 மருந்துக் கம்பனிகள் சேர்ந்து வழக்குப் போட்டன. அந்த நாட்டில் 1998இல் தொடங்கிய சிகிச்சைச் செயற்பாட்டு இயக்கம் வீதிக்கு இறங்கியது. அதன் முன்னணியில் நின்ற சாக்கி அச்மத் ஒரு தன்பாலீர்ப்பாளர், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர். பொது வைத்தியசாலையில் எல்லோருக்கும் மருந்து கிடைக்கும்வரை தானும் மருந்து எடுக்கமாட்டேன் என்று வருசக்கணக்காக இருந்தார். 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை வருசத்துக்கு 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தது. அந்த ஏப்ரலில் கம்பனிகள் வழக்கை மீளப்பெற்றன.

விலை தானாக இறங்கவில்லை, இறக்கினார்கள். இறக்கியவர்களில் பலர், சமூகம் 'இவையள் ஏன் இப்பிடி' என்று முகம் சுழித்த ஆட்கள்தான். இன்றைக்கு உலகம் முழுக்க கோடிக்கணக்கானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், சின்னப் பிள்ளைகள் உட்பட, அந்த மருந்தால் உயிரோடு இருக்கிறார்கள்.

இப்ப 2025க்கு வருவம். 2003இல் ஜோர்ஜ் புஷ் தொடங்கிய அமெரிக்காவின் எயிட்ஸ் நிவாரணத் திட்டம் 25 மில்லியன் உயிர்களைக் காப்பாற்றியதாக அந்த அரசே சொல்லும். 2025 ஜனவரி 20 அன்று புதிய ஜனாதிபதி பதவியேற்ற கையோடு வெளிநாட்டு உதவிகள் நிறுத்தப்பட்டன. உலகமே கத்திய பிறகு, உயிர்காக்கும் சிகிச்சைக்கு மட்டும் விலக்கு என்றார்கள். தடுப்பு மருந்துக்கும் விலக்கு வந்தது, ஆனால் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டும். தன்பாலீர்ப்பு ஆண்கள், திருநர்கள், பாலியல் தொழிலாளர்கள், ஊசியால் போதைப்பொருள் எடுப்பவர்கள் என்று தொற்று அபாயம் கூடிய எல்லோரும் அந்த ஒரு வரியில் வெளியே தள்ளப்பட்டார்கள். ஜொகன்னஸ்பேர்க்கில் திருநர்களுக்கும் தன்பாலீர்ப்பு ஆண்களுக்குமென்று இருந்த கிளினிக்குகளின் கதவுகள் பூட்டப்பட்டன. 2024இல் மட்டும் எயிட்ஸ் சார்ந்த நோய்களால் உலகத்தில் ஏறக்குறைய 630,000 பேர் இறந்ததாக ஐ.நா. கணக்கிடுகிறது. மருந்து இருக்கும் காலத்தில் இவ்வளவு சாவு.

இதெல்லாம் எங்கேயோ நடக்கிறது, எங்களுக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். எங்கட நாட்டுக்கு வருவம்.

இலங்கையில் சுகாதாரம் இலவசம். அது உண்மையாகவே பெருமைப்பட வேண்டிய விசயம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் கடத்தப்படுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் எங்களுக்குச் சான்று தந்தது. அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசில்லை.

தாய்மாரிடம் ஏன் வென்றோம்? குடும்பநல உத்தியோகத்தர், எங்கட சனம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடும் ஆள், வீடு தேடிப் போனார். ஒரு கர்ப்பிணி கிளினிக்குக்குப் போவதில் வெட்கம் இல்லை, பயமும் இல்லை. அதே நாட்டில் ஒரு தன்பாலீர்ப்புப் பெடியன் பரிசோதனைக்குப் போவதை யோசியுங்கோ. வைத்தியர் கேட்பார்: யாரோடு உறவு வைத்தாய்? உண்மையைச் சொன்னால், அந்த உண்மை தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளின்படி குற்றம். 1883இல் பிரித்தானியர் எழுதிவைத்துப் போன சட்டம் அது. 1995இல் அதைத் திருத்தினோம். திருத்தி என்ன செய்தோம் என்றால், பெண்களையும் அதற்குள் சேர்த்தோம்.

இந்தச் சட்டம் புத்தகத்தில் மட்டும்தானே இருக்கு, யாரைப் பிடிக்கினம் என்று சொல்லுவினம். 2017க்குப் பிறகு குறைந்தது ஏழு பேர் இந்தச் சட்டத்தின் பெயரில் பலவந்தமான உடற்பரிசோதனைக்கு உள்ளாக்கப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வோட்ச், ஈக்குவல் கிரவுண்ட் ஆகிய இரண்டு அமைப்புகளும் 2020இல் வெளிக்கொண்டுவந்தன. ஆசனவாய்ப் பரிசோதனையும் அதில் அடக்கம். அதைச் செய்வது பொலிஸ் இல்லை, வைத்தியர். வைத்தியரே சாட்சி தேடும் கருவியாக மாறினால், அந்த வாசலுக்கு யார் தானாகப் போவார்கள்?

2022இல் பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, ரொசானா பிளேமர்-கல்தேராவின் முறைப்பாட்டில் இந்தச் சட்டம் அவரது உரிமைகளை மீறுகிறது என்று தீர்மானித்தது. 2023 மேயில், இந்தப் பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர்நீதிமன்றமும் சொன்னது. பாராளுமன்றத்துக்கு வழி திறந்தே இருந்தது. அந்தப் பாராளுமன்றம் 2024இல் கலைந்தது, சட்டமூலம் நிறைவேறவில்லை.

சட்டம் நாளைக்கே போனாலும் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். வடக்கிலும் கிழக்கிலும் ஊர் சின்னது. கிளினிக்கில் கோப்பு எடுத்துத் தருபவர் மாமியின் பக்கத்து வீடாக இருக்கலாம். கொழும்புக்குப் போனால் ஆள் அடையாளம் தெரியாது, ஆனால் தமிழில் மனம்விட்டுக் கதைக்க ஆள் கிடைக்குமோ தெரியாது. பால்நிலையை அங்கீகரிக்கும் சான்றிதழ் 2016இலிருந்து இருக்கு, அதற்கும் மனநல வைத்தியர் ஊடாகத்தான் போக வேணும். ஹோர்மோனுக்கும் சத்திரசிகிச்சைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் போய்வரும் ஒரு திருநங்கைக்கு 'இலவசம்' என்ற சொல்லின் பொருள் என்ன? பஸ் காசு, லொட்ஜ் காசு, வேலைக்குப் போகாத நாளின் சம்பளம். எல்லாம் அவரின் தலையில்தான்.

இது பால்புதுமையினருக்கு மட்டுமான கணக்கும் இல்லை. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் போகும். வன்னியில் உடம்பில் செல்துண்டோடு வாழும் அண்ணைக்கு வலி நிவாரணம் எட்ட இருக்கும் ஆஸ்பத்திரியில். சக்கரநாற்காலியில் வருபவருக்கு மேல்மாடியில் கிளினிக். எல்லோருக்கும் ஒரே வாசலைத் திறந்துவிடுவது சமத்துவம். அந்த வாசலுக்கு வரமுடியாதவர் ஏன் வரவில்லை என்று தேடிப்போவது சமநீதி. மிட்வைஃப் மிஸ் செய்தது அதைத்தான்.

இரண்டு மறுப்புகள் எப்போதும் வரும். ஒன்று, 'இது வெள்ளைக்காரரின் பழக்கம்'. வெள்ளைக்காரர் எங்களுக்குத் தந்தது அந்தச் சட்டத்தை. அவர்கள் தங்கட நாட்டில் அதை எப்பவோ மாற்றிவிட்டார்கள். நாங்கள்தான் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறோம். இரண்டாவது, 'நாட்டில் இவ்வளவு பிரச்சினை, காணாமல் போனவர்கள், காணி, கடன், இதுவா இப்ப முக்கியம்?' காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமாரையும் இப்படித்தான் காத்திருக்கச் சொன்னார்கள், பொறுமையாக இருங்கோ, வேறு அவசரங்கள் இருக்கு என்று. அந்தப் பதிலின் வலி எங்களுக்குத் தெரிந்தது. அதையே இன்னொருவருக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரக்கூடாது.

நாங்கள் கேட்பவை பெரிய விசயங்கள் இல்லை. 365, 365ஏ பிரிவுகளின் கீழ் வயதுவந்தவர்களின் சம்மதமான உறவு குற்றமாக இருக்கக்கூடாது. பலவந்த உடற்பரிசோதனையில் எந்த வைத்தியரும் கைவைக்கக்கூடாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் தமிழில் கதைக்கக்கூடிய, ரகசியம் காக்கும் சேவை வேணும். இந்தச் சமூகங்களுக்குள் நடக்கும் தடுப்பு வேலை உலக நிதியம் போன்ற வெளிக்காசில் தங்கியிருக்காமல் அரச பாதீட்டுக்குள் வர வேணும். வெளிநாட்டில் ஒரு தேர்தல் முடிவு மாறினால் எங்கட ஊரில் ஒரு கிளினிக் பூட்டப்படும் என்ற நிலை இனி வேண்டாம்.

வாசிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்களில் சிலர் நாளைக்கு வைத்தியர்களாக, தாதியராக, ஆசிரியர்களாக, கச்சேரியில் உத்தியோகத்தர்களாக வரப்போகிறீர்கள். ஒரு கோப்பு உங்கட மேசைக்கு வரும். அதில் இருப்பதை வீட்டுக்குக் கொண்டுபோகாதேங்கோ. அந்த ஆள் தன் பெயரை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே கூப்பிடுங்கோ. அதற்கு எந்தச் சட்டமும் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் நீங்களும் போய் ஒருக்கா இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கோ, கூட்டாளி தனியப் போகப் பயந்தால் துணைக்குப் போங்கோ. பரிசோதனைக்குக் காசில்லை.